எம்.ஐ.ஏ.வின் 'கலா' ஆல்பம்: வேலூரில் கேட்டவர்களின் கேள்விகள்

காட்பாடியில் ஒரு நண்பரின் வீட்டு மாடியில் மாதம் ஒரு மாலை சிலர் கூடுகிறோம். ஏதாவது ஓர் ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை நிறுத்தாமல் கேட்பது வழக்கம். கல்லூரி மாணவர்கள், மருத்துவமனை ஊழியர்கள், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், நான். 'கலா'வைப் போட்ட மாலைக்குப் பிறகு கேள்விகள் ஓயவில்லை. ஒருவருக்குச் சொன்ன பதிலையே இன்னொருவருக்கும் தொலைபேசியில் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன்.

இது என்ன ஆல்பம்? பாடியவர் யார்?

2007 ஆகஸ்டில் வெளிவந்தது. 12 பாட்டு, முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். பாடியவர் மாதங்கி அருள்பிரகாசம், மேடைப் பெயர் எம்.ஐ.ஏ. 1975இல் லண்டனில் பிறந்தவர். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, இடையில் கொஞ்ச காலம் சென்னையிலும் இருந்து, பதினோரு வயதையொட்டி அகதியாக மறுபடி லண்டன் போய்ச் சேர்ந்தார். 2005இல் வந்த முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் பெயரை வைத்தார்: 'அருளர்'. இரண்டாவதற்கு அம்மாவின் பெயர். அந்த அம்மா லண்டனில் தையல் வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தவர்.

அமெரிக்காவில் டிம்பலண்ட் என்ற பெரிய தயாரிப்பாளரோடு சேர்ந்து இந்த ஆல்பத்தைச் செய்வதாகத்தான் ஏற்பாடு. 2006இல் அமெரிக்கா விசா கொடுக்கவில்லை. சரி என்று இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று சுற்றி, போன இடத்திலெல்லாம் பதிவு செய்தார். சுவிட்ச் என்ற ஆங்கிலேயத் தயாரிப்பாளர் பெரும்பாலான பாட்டுகளில் உடன் உழைத்தார். விசா அதிகாரி ஒருவர் கையெழுத்துப் போட்டிருந்தால் நமக்கு இன்னொரு சாதாரண அமெரிக்க ஆல்பம் கிடைத்திருக்கும்.

இதில் தமிழ் எங்கே இருக்கிறது? ஒரு வரிகூடத் தமிழாகக் காதில் விழவில்லையே.

சொல்லில் தேடாதீர்கள், பாட்டு ஆங்கிலம்தான். முதல் பாட்டான 'பேம்பூ பங்கா'வில் 'தளபதி' (1991) படத்துக்கு இளையராஜா போட்ட 'காட்டுக்குயிலு' பாட்டின் துண்டு ஓடுகிறது. இரண்டாவதான 'பேர்ட் ஃப்ளூ'வில் 'ஜெயம்' (2003) படத்தில் ஆர்.பி. பட்நாயக் இசையமைத்த 'திருவிழான்னு வந்தா' இருக்கிறது. எங்கள் தமிழாசிரியர் முதல் துண்டை நொடியில் பிடித்துவிட்டார். மாணவர்களில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. ஆனால் ஆங்கிலப் பாட்டு முழுவதும் அவர்களுக்கு மனப்பாடம்.

மேளப் பகுதிகள் சென்னையில் பதிவானவை. எம்.ஐ.ஏ. அங்கே ஏ.ஆர். ரகுமானைப் போய்ப் பார்த்தார். இருவருக்கும் சேர்ந்து பாட்டு எதுவும் அமையவில்லை. ஆனால் அவர் தம் கோடம்பாக்கம் ஸ்டூடியோவைக் கொடுத்து, 22 பேர் கொண்ட தாளவாத்தியக் குழுவோடு தொடர்பும் ஏற்படுத்திக் கொடுத்தார். 'பேர்ட் ஃப்ளூ'வையும் 'பாய்ஸ்'ஸையும் தூக்கி நிறுத்துவது அந்த மேளம்தான்.

அது பறையா, உறுமியா? நம் ஊர் பம்பை மாதிரியும் கேட்கிறதே?

முதன்மையாக உறுமி. இடை சிறுத்த, இரண்டு முகமுள்ள மேளம். ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மறு முகத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் அடித்தொண்டையிலிருந்து வருவதுபோன்ற உறுமல் எழும். வடாற்காட்டில் அம்மன் கோயில்களில் முன்னால் வருவது பம்பை. உறுமியை அதிகம் கேட்பது கொங்கு நாட்டிலும் தென்மாவட்டங்களிலும். எனவே 'நம் ஊர் மேளம்' என்று உரிமை கொண்டாட அவசரப்பட வேண்டாம்.

இருந்தாலும் நம் காதுக்கு இது பழகிய சத்தமாகப் படுவதற்குக் காரணம் உண்டு. மாசி அமாவாசையில் பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளை நடக்கும்போது கூட்டத்துக்குள் போகாமல் ஓரமாக நின்று மேளக்காரர்களைப் பாருங்கள். வைக்கோலைக் கொளுத்தி அந்தச் சூட்டில் பறையைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். விரல் நுனியால் ஒரு தட்டு. போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் சூடு. மறுபடி ஒரு தட்டு. தோல் விறைத்து இறுகியதும் விழுகிற முதல் அடியில் ஒரு வெடிப்பு இருக்கும். பக்கத்தில் நிற்பவருக்குக் காது அடைக்கும். ஸ்டூடியோவில் பதிவு செய்யும்போது பெரும்பாலும் முதலில் காணாமல் போவது அந்த வெடிப்புதான். பாடகர் குரலுக்கு இடம் வேண்டும், வயலினுக்கு இடம் வேண்டும், ஆகவே மேளம் கொஞ்சம் ஒதுங்கி நிற்கட்டும் என்பார்கள்.

'கலா'வில் மேளம் ஒதுங்கவில்லை. குரல்தான் இடம் தேடி நிற்கிறது. எம்.ஐ.ஏ.வுக்குப் பெரிய சாரீரம் கிடையாது. ஏறி இறங்காத, சற்றே அலட்சியமான, கூப்பிட்டுச் சொல்வதுபோன்ற குரல். அந்தக் குரலை மேளத்தின் மேல் ஏற்றாமல் அதன் நடுவில் விட்டிருக்கிறார்கள். கோழி கொக்கரிக்கிறது, பிள்ளைகள் கத்துகிறார்கள், எல்லாம் ஒரே உயரத்தில். இந்த ஆல்பத்தின் மிகப் பெரிய பலம் என்று நான் நினைப்பது இந்த ஏற்பாட்டைத்தான். உலக இசை என்ற பெயரில் வரும் பல ஆல்பங்களில் நம் வாத்தியம் பின்னணியில் மணம் சேர்க்க வந்து போகும். இதில் அது வீட்டுக்காரராக உட்கார்ந்திருக்கிறது.

இதை அரசியல் ஆல்பம் என்கிறார்களே, அப்படி என்ன அரசியல் பேசுகிறது?

'பேம்பூ பங்கா'வில் ஏழை நாட்டுப் பிள்ளைகள் ஹம்மர் காரின் கதவைத் தட்டுகிறார்கள். 'ட்வென்டி டாலர்' ஆப்பிரிக்காவில் ஒரு ஏ.கே. துப்பாக்கி என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று சொல்கிறது. பாட்டின் தலைப்பே அந்த விலை. 'ஹசல்' கேரள மீனவர்கள் படகு இழுக்கும் குரலோடு தொடங்கி, பிழைக்க வந்த நாட்டில் காசு சேர்க்கும் ஆட்களைப் பற்றிப் பேசுகிறது. அதில் நைஜீரிய வழிவந்த ஆஃப்ரிக்கன் பாய் என்ற லண்டன் இளைஞரும் பாடுகிறார். 1982இல் வந்த 'டிஸ்கோ டான்சர்' இந்திப் படப் பாட்டைத் திருப்பிப் பாடிய 'ஜிம்மி'யில், ஆட்டம் போடும் மெட்டுக்குள் ருவாண்டா, காங்கோ, டார்ஃபூர் என்று படுகொலை நடந்த இடங்களின் பெயர்கள் வந்து விழுகின்றன.

வாதம், விளக்கம், தீர்வு என்று எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். வரிகளைத் தாளில் எழுதிப் படித்தால் பாதி முழக்கமாகவும் பாதி விளையாட்டுப் பேச்சாகவும் இருக்கும். ஒரு வரி கொதிக்கும். அடுத்த வரி தன் உடையைப் பற்றிப் பெருமையடிக்கும். இந்த ஆல்பத்தின் காது கூர்மையானது, வாய் பொறுப்பில்லாதது. அதன் பலங்களில் பெரும்பாலானவை காதிலிருந்து வருகின்றன, முரண்பாடுகளில் பெரும்பாலானவை வாயிலிருந்து.

'பேப்பர் ப்ளேன்ஸ்' பாட்டில் துப்பாக்கிச் சத்தத்தைப் போட்டு ஆடவிடுவது சரியா?

கூட்டத்தில் அதிகம் சண்டை நடந்தது இந்தப் பாட்டுக்காகத்தான்.

அமெரிக்க வரிசைப் பட்டியலில் 4ஆம் இடம்வரை போன பாட்டு. 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தில் வந்ததால் இங்கேயும் பலருக்குத் தெரியும். அடியில் ஓடுவது தி கிளாஷ் என்ற ஆங்கிலேயக் குழு 1982இல் போட்ட ஒரு பாட்டின் இசை. அந்தப் பாட்டும் குடியேறிகளைப் பற்றியது. வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் பெற்றுப்போட்டுவிட்டுப் போன பிள்ளைகளைப் பற்றியது. அதன்மேல் எம்.ஐ.ஏ. சொல்லும் கதை போலி விசா தயாரிக்கும் ஆளின் வாய்மொழி. பல்லவியில் சிறுவர்கள் பாட, இடையில் சில வேட்டுகள், துப்பாக்கியில் குண்டு ஏற்றும் ஒலி, பிறகு கல்லாப்பெட்டி திறக்கும் 'டிங்'. குடியேறியவனைப் பார்க்கும்போதெல்லாம் இவன் சுட வந்தவன், சுருட்ட வந்தவன் என்று நினைப்பவர்களின் பயத்தை அப்படியே எடுத்து, அவர்களையே ஆடவைக்கிறது பாட்டு. அமெரிக்கத் தொலைக்காட்சிகள் வேட்டுச் சத்தத்தை மாற்றித்தான் ஒலிபரப்பின. கல்லாப்பெட்டியை யாரும் தொடவில்லை.

எங்கள் கூட்டத்தில் ஒரு செவிலியர் இருக்கிறார். வேலூரை அடுத்த ஈழத்தமிழர் முகாம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். "அந்த வேட்டுச் சத்தத்தை எங்கள் அம்மா முன்னால் போடமாட்டேன் அண்ணா. ஆனால் விசா வரி வரும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது" என்றார். எனக்கு அதற்கு மேல் விமர்சனம் தேவைப்படவில்லை. 1983க்குப் பிறகு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்கூட இன்னும் முகாம்களில் இருக்கிறார்கள். மேல்மொணவூர் முகாமில் புது வீடுகளுக்கு 2021இல் முதலமைச்சர் அடிக்கல் நாட்டினார். 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' ஆனது. குடியுரிமை மட்டும் வரவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. தாள் இல்லாதவரின் நிலைமையை நக்கலாகச் சொல்லும் பாட்டு லண்டன் விருந்தில் எப்படி ஒலிக்குமோ தெரியாது. மேல்மொணவூருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் அதன் முனை நன்றாகவே குத்துகிறது.

எனவே என் பதில்: இந்தப் பாட்டில் வேட்டுச் சத்தத்துக்கு வேலை இருக்கிறது. 'ட்வென்டி டாலர்' பாட்டில் துப்பாக்கிக்கு அப்படி ஒரு வேலை இருப்பதாக எனக்குப் படவில்லை. விலையைச் சொல்கிறது, மிரட்டுகிறது, போய்விடுகிறது. அந்தத் துப்பாக்கியைத் தூக்கிய லைபீரியப் பையன் என்ன ஆனான் என்று பாட்டு நின்று கேட்கவில்லை.

அவருடைய அப்பா புலியாமே?

இல்லை. அருளர் என்று அறியப்பட்ட அருள்பிரகாசம், ஈழப் போராட்ட இயக்கங்களில் ஒன்றான ஈரோஸ் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். விடுதலைப் புலிகள் வேறு, ஈரோஸ் வேறு. 2019இல் காலமானார். மேற்கத்தியப் பத்திரிகைகள் பல இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளாமல் 'புலியின் மகள்' என்று எழுதின. முதல் ஆல்பத்தின் அட்டையிலும் மேடையிலும் புலிப் படங்களையும் துப்பாக்கி அச்சுகளையும் தாராளமாகப் பயன்படுத்தியவர் எம்.ஐ.ஏ. என்பதால், அந்தக் குழப்பத்தில் அவருக்கும் பங்கு உண்டு.

லண்டனில் அச்சடித்த புலிப்படம் வெறும் வடிவமைப்பாக இருந்துவிட்டுப் போகலாம். வேலூரில் அது அவ்வளவு இலகுவாக இருக்காது. இந்தக் கோட்டைக்குள்தான் கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை வெள்ளைக்காரர்கள் 1816இலிருந்து 1832இல் அவர் சாகும்வரை அடைத்துவைத்தார்கள். பாலாற்றங்கரையில் முத்துமண்டபத்தில் கல்லறை இருக்கிறது. இதே கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த புலிகள் 43 பேர் 1995 ஆகஸ்டில் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். ராஜீவ் கொலை வழக்கின் ஆயுள் கைதிகள் சிலர் 2022 நவம்பரில் வேலூர்ச் சிறைகளிலிருந்துதான் வெளியே வந்தார்கள். இலங்கையின் அரசியல் இருநூறு ஆண்டாக இந்த ஊரில் சுவருக்குப் பின்னால் கிடந்து வருகிறது. அதனால் புலிப்படம் போட்ட உடையைப் பார்த்தால் இங்கே சிலருக்குக் கண்ணீர் வரும், சிலருக்குக் கோபம் வரும், சிலர் பேச்சை மாற்றிவிடுவார்கள்; ரசித்துவிட்டுப் போகிறவர் அரிது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2009இல் வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது எம்.ஐ.ஏ. அமெரிக்கத் தொலைக்காட்சியில் உட்கார்ந்து அதை இனப்படுகொலை என்று சொன்னார். அந்த மேடை அவருக்குக் கிடைத்தது 'கலா'வால். நம் பக்கத்துப் பிரபலங்கள் பலருக்கு அதைவிடப் பெரிய மேடைகள் இருந்தன.

ஆப்பிரிக்கா, ஜமைக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தது ஒற்றுமையா, குழப்பமா?

இரண்டும். 'பாய்ஸ்'ஸில் சென்னை மேளமும் கரீபியன் ஆட்டமும் ஒன்றையொன்று இடிக்காமல் போகின்றன. தோல் வாத்தியம் பேசுகிற இரண்டு ஊர்கள் சந்தித்தால் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்று காட்டுகிறது. ஆனால் 'வேர்ல்ட் டவுன்' போன்ற பாட்டுகளில் ஏழை நாடுகள் அத்தனையும் ஒரே புழுதித் தெருவாகிவிடுகின்றன. லைபீரியாவின் உள்நாட்டுப் போரும் ஈழப் போரும் ஒன்றல்ல. ஒன்றுக்குள் இருக்கும் காரணங்களைக் கொண்டு மற்றொன்றைப் புரிந்துகொள்ள முடியாது. வறுமையும் துப்பாக்கியும் பொதுவாக இருப்பதால் எல்லாம் ஒன்றுதான் என்பது மேற்கத்தியச் செய்தித் தொலைக்காட்சியின் பார்வை. அதைத் திட்டிக்கொண்டே அதே பார்வையை இவரும் கடன் வாங்குகிறார்.

'மேங்கோ பிக்கிள் டவுன் ரிவர்' தனிக்கதை. வில்கேனியா என்ற ஆஸ்திரேலியச் சிற்றூரின் பழங்குடிச் சிறுவர்கள் முன்பே பாடிய பாட்டு அது. இவர் நடுவில் தம் பகுதியைச் சேர்த்து ஆல்பத்தில் வைத்தார். பையன்களின் குரலே பாட்டு, இவர் விருந்தாளி. மற்ற இடங்களிலும் இப்படி விருந்தாளியாக இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

மேளக்காரர்களுக்கு என்ன கிடைத்தது?

யாருக்கு எவ்வளவு கூலி என்ற கணக்கு என்னிடம் இல்லை. பெயர்க் கணக்கு மட்டும் பேசலாம்.

ஆல்பம் வந்த ஆண்டில் எம்.ஐ.ஏ. ஒரு பேட்டியில் வெடித்தார். தம் இசை முழுவதையும் டிப்ளோ என்ற வெள்ளைக்காரத் தயாரிப்பாளர் செய்துகொடுத்தார் என்று பத்திரிகைகள் எழுதிவிடுகின்றன; ஒரு பெண், அதுவும் இப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்த பெண், தானே யோசித்துச் செய்திருக்க முடியும் என்று ஏன் நம்பமாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டார். நூற்றுக்கு நூறு நியாயம். இந்த ஆல்பத்தில் டிப்ளோவின் கை குறிப்பிடும்படி இருப்பது 'பேப்பர் ப்ளேன்ஸ்' பாட்டில்தான்.

அதே கேள்வியை அப்படியே திருப்பிக் கேட்கலாம். இந்த ஆல்பத்தைக் கொண்டாடுகிறவர்களில் எத்தனை பேரால் அந்த மேளக்காரர்களில் ஒருவர் பெயரைச் சொல்ல முடியும்? இளையராஜாவின் பெயர் உரிமைக் குறிப்பில் இருக்கிறது, நல்லது. உறுமி தேய்த்தவர் கேட்பவர்களின் நினைவில் வெறும் 'சென்னை மேளம்' ஆகிவிட்டார். பறையும் உறுமியும் வாசிக்கிறவர்களுக்கு ஊர் எந்த இடத்தைக் கொடுத்து வைத்திருக்கிறது என்று வடாற்காட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. திருவிழாவுக்கு அழைப்பார்கள், சாவுக்கு அழைப்பார்கள், தெருவில் குடிவைக்கமாட்டார்கள். இத்தனை நாட்டு அநியாயங்களைத் தொட்ட ஆல்பம், தன் முதுகெலும்பாக இருக்கும் மேளத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் இந்த அநியாயத்தைத் தொடவில்லை. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய முரண்பாடு. துப்பாக்கிச் சத்தம்கூட இதற்குப் பிறகுதான்.

வெளிநாட்டுக்காரரை மட்டும் குறை சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 'தளபதி' கேசட்டில் இசையமைப்பாளர் பெயர் இருந்தது, பாடகர்கள் பெயர் இருந்தது. தோல் வாத்தியக்காரர் பெயரை எந்தப் படத்தின் கேசட்டில் நாம் தேடினோம்?

பெரிய கம்பெனி வெளியிட்ட ஆல்பம் எப்படி எதிர்ப்பாகும்?

அமெரிக்காவில் இதை வெளியிட்டது இன்டர்ஸ்கோப், பெரிய கம்பெனிதான். நம் தெருக்கூத்தில் கட்டியக்காரன் ராஜா முன்னால் நின்றுகொண்டே ராஜாவைக் கிண்டல் செய்வான். அடுத்த நிமிடம் அதே ராஜாவுக்குக் கட்டியம் கூறுவான். அவன் சொன்ன கிண்டல் அதனால் பொய்யாகிவிடாது. அதற்காக அவனைப் புரட்சிக்காரன் என்றும் சொல்லமாட்டோம். எம்.ஐ.ஏ.வை அப்படி வைத்துக்கொண்டால் ஏமாற்றம் குறையும். 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை 2007இன் சிறந்த ஆல்பமாக இதைத் தேர்ந்தெடுத்தது. சபைக்குக் கிண்டல் பிடித்துத்தான் இருந்தது.

மோசமான பாட்டு எது?

கடைசிப் பாட்டு, 'கம் அரவுண்ட்'. டிம்பலண்டோடு சேர்ந்து செய்தது. கிளப்பில் ஒரு பெண்ணை மடக்கப் பார்க்கும் பேச்சு, தேய்ந்த தாளம். அமெரிக்க விசா கிடைத்திருந்தால் ஆல்பம் முழுவதும் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு மாதிரி. 'பேப்பர் ப்ளேன்ஸ்' முடிந்ததும் நிறுத்திவிடலாம்.

பிற்காலத்தில் அவர் பேசியதையெல்லாம் பார்த்த பிறகும் இதை மதிக்க வேண்டுமா?

தடுப்பூசிக்கு எதிராக அவர் சொன்னவற்றை மருத்துவமனையில் வேலை செய்யும் என் நண்பர்கள் மன்னிக்கத் தயாராக இல்லை, நானும் வாதாடவில்லை. பேரரசைத் திட்டியவர் 2020இல் பிரிட்டிஷ் அரசின் எம்.பி.இ. பட்டத்தை வாங்கிக்கொண்டதும் பலரை எரிச்சல்படுத்தியது. வாங்கியதற்கு அவர் சொன்ன காரணத்தை மட்டும் தள்ள முடியவில்லை: அம்மா கலா லண்டனில் பல ஆண்டுகள் கையால் தைத்தது அரசி வழங்கிய இந்தப் பதக்கங்களைத்தானாம். 2007 ஆல்பத்தை 2020 பேச்சை வைத்து அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பிடிக்காதவர்கள் கேட்காமல் இருக்கலாம், சண்டை ஒன்றுமில்லை.

வீட்டில் பிள்ளைகளோடு கேட்கலாமா? எங்கே தொடங்குவது?

கெட்ட வார்த்தைகள் இருக்கின்றன. 'பாய்ஸ்', 'பேர்ட் ஃப்ளூ' இரண்டையும் தாளத்துக்காகப் போட்டுக் காட்டலாம். செல்போன் ஒலிபெருக்கியில் வேண்டாம். உறுமியின் அடித்தொண்டை அதில் வராது, தகரம் தட்டுவதுபோல் ஆகிவிடும். நல்ல ஹெட்போன் இல்லையென்றால் கார் ஸ்பீக்கர் போதும். முதலில் 'காட்டுக்குயிலு'வை முழுதாகக் கேட்டுவிட்டு 'பேம்பூ பங்கா'வுக்குப் போங்கள். எந்த இடத்தில் வெட்டி எடுத்திருக்கிறார் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். பெரியவர்களைவிட வேகமாகக் கண்டுபிடிப்பார்கள்.